காலையில் வராது என்று நான் சொன்ன மழை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

எதிர்வீட்டு செல்வி அக்கா விடிந்ததும் தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடப்போகிறார். என் பேச்சை நம்பித்தான்.

“வாரம் பூரா மழைன்னு போன்ல காட்டுதேபா, நாளைக்குப் பாவு நீட்டலாமா?” என்று மாலையில் கேட்டார்.

“பகல் சூட்டுல காத்து மேல ஏறி, சாயங்காலம்தான்கா மேகம் கட்டும். காலைல வராது.”

“நிஜமாவா?”

“எத்தினி வாட்டி சொல்றது? நீட்டுக்கா.”

“மழை வந்துச்சுன்னா, பாவுக்குப் பதிலா உன்னைத்தான் கட்டி நீட்டுவேன்” என்று சிரித்துக்கொண்டே ஆட்களை வரச் சொல்லிவிட்டார்.

நான் சொன்னது ஆவணி மழையின் கணக்கு. ஐப்பசியில் அப்படி இல்லை. இரவில் தரை குளிர்ந்தாலும் கடல் சூடாகவே இருக்கிறது. மேகம் அங்கே திரண்டு, கிழக்குக் காற்றோடு விடிவதற்குள் இங்கே வந்துவிடும். இதைப் படித்தவன்தான் நான். அவசரத்தில் பருவத்தையே மறந்துவிட்டேன். ரேடாரில் இப்போதே கடல்மேல் மழைமேகம் சிவப்பாகத் தெரிகிறது. நூல் நனைந்தால் அந்தப் பாவு மொத்தமும் பாழ்.

மெசேஜ் அனுப்பினேன், போகவில்லை. போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார் போல. போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். எழுப்பி, ஆட்களையும் நிறுத்தச் சொல்லி, கடைசியில் மேகம் வழியிலேயே கலைந்துபோனால்? போகட்டும். தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். போகிறேன்.