நீ தேர்ந்த மல்பெரியில் பிழையில்லை

என் செல்ல அக்காவுக்கு,

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் மறுபடியும் பட்டுப்புழுக்கள் இருக்கின்றன. மூன்று தட்டுகள். நாலாவது தோலுரிப்பையும் கடந்துவிட்டன. உன்னுடையவை மூன்றாவதோடு ஒவ்வொன்றாகச் சுருண்டு செத்தன, நினைவிருக்கிறதா?

களனியில் உன் வீட்டுக்குப் பின்னாலுள்ள காணியில் எந்த மல்பெரியை வைப்பது என்று நீ எத்தனை நாள் யோசித்தாய்! ஆற்றோரத்து ஈரம் புழுக்களுக்கு ஆகாது என்பதால் அவற்றை எங்கள் மூன்றாம் மாடியில் வளர்ப்பதாக ஏற்பாடு. நாற்றுமேடையில் பெரிய இலை இனத்தைத்தான் எடுக்கச் சொன்னார்கள். குச்சியை நட்டால் போதும், வேர்விடும் என்றார்கள். நீ கேட்கவில்லை. இரண்டு இனத்திலும் ஒவ்வொரு கிளையை வெட்டி, களனியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தாய். பின்னேரம் பெரிய இலையின் ஓரம் சுருண்டிருந்தது. இதய வடிவ இலை அப்படியே குளிர்ச்சியாக இருந்தது. பஸ்ஸில் கொண்டுவந்தாலும் வாடாது என்று அதையே தேர்ந்தாய்.

நட்ட குச்சிகளில் பாதி வேர்விடவில்லை. உன்னைப் போலவே பிடிவாதம் பிடித்த மரம் என்று அத்தான் பகிடி பண்ணினார். நீ திரும்ப நட்டாய்.

பிறகு புழுக்கள் செத்தன. இலை சரியில்லை, இனத்தைத் தேர்ந்த என்னில்தான் பிழை என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். அந்த எண்ணத்தோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பெரிய இலை இனத்தை வைக்கப் போவதாக அத்தான் சொன்னபோது, ஒரேயொரு தரம் வளர்த்துப் பார்க்கிறேன் என்று தவணை கேட்டேன். முட்டைகள் தந்தது உன் பக்கத்து வீட்டுச் சந்திரா அக்கா. பொரித்த அன்று பார்க்க வந்தார். நான் வழக்கம்போல இலைகளை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். புறக்கோட்டையில் வாங்கும் கீரையை அம்மா அப்படித்தானே செய்வா?

அவர் இலை ஊறிய பேசினைப் பார்த்துவிட்டு, தங்கச்சி என்று அழைத்துச் சிங்களத்தில் கேட்டார், “நங்கி, இது புழுவுக்கா, சம்பலுக்கா?”

நானும் சிரித்தேன். பிறகுதான் அவர் விளக்கினார். ஈர இலை தின்றால் புழுவுக்கு வயிறு கெட்டுவிடுமாம். உப்பும் மஞ்சளும் அதைவிடக் கெடுதலாம். தூசி இருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதுமாம். பேசினை அப்படியே கவிழ்த்தேன், அக்கா. உன் புழுக்களுக்கும் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் இலை கழுவிக் கொடுத்தது நான்தானே.

இரண்டு கிழமை யாரிடமும் வாய் திறக்கவில்லை. துடைத்த இலை தின்ற புழுக்கள் மூன்றாவது தோலையும் உரித்துத் தலை நிமிர்த்தின. அதற்கு மேல் மறைக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை களனிக்குப் போனேன். அத்தான் காணியில் மண்வெட்டியோடு நின்றார்.

“அத்தான், மரத்தில பிழையில்லை. நான் இலையைக் கழுவினனான். அதிலதான் புழு செத்தது.”

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“ஓம், கழுவினனீ. அதை அவ எனக்கு எத்தினை தரம் சொல்லிப் பெருமைப்பட்டவ தெரியுமே? தங்கச்சி மஞ்சள் போட்டுக் கழுவித் தாறாள், என்ன கவனம் எண்டு.”

மண்வெட்டியை எடுத்தார். வேர்விடாமல் வெறுமையாகக் கிடந்த இடங்களில் புதுக் குழி வெட்டத் தொடங்கினார். நான் உன் செடிகளிலிருந்து குச்சி வெட்டிக் கொடுத்தேன்.

இன்னும் சில நாட்களில் புழுக்கள் கூடு கட்ட வேண்டும். கட்டுமா? எல்லாம் கட்டாது என்கிறார் சந்திரா அக்கா. கட்டுகிறவை போதும். நீ இருந்திருந்தால் நான் இலையைக் கழுவிக் கெடுத்த கதையைக் கேட்டு என்னை ஏசியிருப்பாயா, சிரித்திருப்பாயா? சிரித்திருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறையும் பாதிக் குச்சி பட்டுப்போகலாம். போனால் திரும்ப நடுவேன். காணிக்கு வருகிறவர்கள் கேட்டால், இந்த மல்பெரியைத் தேர்ந்தது என் அக்கா என்றும், இலையைக் கழுவிக் கெடுத்தது நான் என்றும், இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

உன் இலையை இப்போது துடைத்தே கொடுக்கும்,
உன் ஒரே தங்கச்சி