ஏலத்துக்குப் போன உங்கள் கடல்பை

என் பிரியமான ஷெர்லி மைனி,

நீங்கள் இருந்தபோது நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன். இப்போது முழுதும் நான்தான் பேச வேண்டியிருக்கிறது. சிரிக்காமல் கேளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், மஸ்கட்டில் சுகமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான், உங்கள் பேச்சு வந்ததும் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறான். நான் இன்னும் பாறசாலை தையல் கடையில்தான் இருக்கிறேன். இப்போது சுடிதாருக்குக் கழுத்து வெட்டவும் விடுகிறார்கள்.

உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு அடுக்களையில் ஒதுங்கி நின்றவளிடம் வந்து நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "எட்டி, கடலுக்கு உள்ள போய்ப் பாக்கணும். தனியே எறங்க விடமாட்டாங்களாம். கூட்டுக்கு ஒரு ஆளு வேணும். நீ வாறியா?"

மஸ்கட்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் வார்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், ஒருநாளும் கால் நனைத்ததில்லை. அந்த ஆசையில் ஊருக்கு வரும்போது இரண்டு முகக்கண்ணாடியும் இரண்டு ஜோடி கால்துடுப்பும் வாங்கி வந்தீர்கள். ஒன்று உங்களுக்கு. மற்றது யாருக்கென்று வாங்கும்போதே தெரியுமா? அதைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

கோவளத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கினோம். துடுப்பு மாட்டிய காலோடு பின்பக்கமாக நடந்தபோது நீங்கள் மூன்று தடவை விழுந்தீர்கள். உங்கள் காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊதி ஊதி முகம் சிவந்து, மேலே வந்து, முக்குளிக்கச் சொல்லித்தந்த சாரிடம் சண்டை போட்டீர்கள். நான் ஒன்றும் தெரியாதவள்போல அடியில் மணலில் முழங்கால் போட்டுக் காத்திருந்தேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. விரலை வளைத்துச் சுகம் என்று காட்டினால் போதும். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் சார் இரண்டு சிலிண்டரையும் பார்த்தார். என்னுடையதில் பாதிக் காற்று மிச்சம். உங்களுடையது தீரப்போகிறது. "பின்ன எப்பிடி இருக்கும் சாரே? இவ மிண்டாப் பிள்ளையாக்கும். நான் உள்ளயும் பேசிட்டுல்லா வாறேன்," என்றீர்கள். உண்மைதான். பாறை இடுக்கில் பாம்புபோல நீண்ட அஞ்சாளை மீன் வாயைத் திறந்து மூடியதைக் கண்டு நீங்கள் போட்ட கூச்சல், குமிழாகக் கொட்டியது.

அப்புறம் அந்தப் பேய்க்கணவாய். பாறை என்று நினைத்து நீங்கள் கை நீட்ட, பாறை கண் திறந்தது. தவிட்டு நிறம் ஒரு நொடியில் செம்மண் நிறமானது, பிறகு வெள்ளை. எட்டுக் கையையும் சேர்த்துக்கொண்டு நழுவிப் போனது. நீங்கள் என் கையை நசுக்கிவிட்டீர்கள். அன்று பஸ்ஸில் நெய்யாற்றின்கரை வரும்வரை அதையே சொன்னீர்கள். பக்கத்து சீட்டில் மீன் சட்டியோடு இருந்த அக்கா, "அத கறி வைக்கக் கொள்ளாம் பிள்ளே," என்றதும் நீங்கள் அவளோடு பேச்சை முறித்துக்கொண்டீர்கள்.

மறு சீசனுக்குள் உங்களுக்கு மஞ்சள்காமாலை வந்தது. டாக்டர் ஏதோ கெட்ட தண்ணீர், கெட்ட சாப்பாடு என்றுதான் சொன்னார். என் அம்மைக்கு அது ஏறவில்லை, உங்கள் ஈரலைக் கெடுத்தது கடல் தண்ணீர்தான் என்று நம்பினாள். "கடல்வெள்ளம் குடிச்சுக் குடிச்சு அவளுக்க கரளு போச்சு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். உங்களை அடக்கம் செய்த பிறகு கடல் என்ற சொல்லே வீட்டில் இல்லாமல் போனது. முகக்கண்ணாடியும் துடுப்பும் போட்டுவைத்த நம்முடைய பை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் நாட்களைத் தள்ளினேன்.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குக் கொடுக்க வீட்டில் விளைச்சல் இல்லை. மரச்சீனிக் கிழங்கு முழுவதையும் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியபோது நான் பெண்கள் பக்கம் நின்றேன். மேசையில் ஒரு சேவலுக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் நம் பை இருந்தது, மைனி. உங்கள் பெயரில் அம்மை அதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள்.

ஏலம் விட்டது கமிட்டி டேவிட்சன் மாமன். துடுப்பை எடுத்து விசிறிபோல வீசிப் பார்த்தார். "தவளைக்காலு ரெண்டு ஜோடி! சந்தைக்குப் போவ மழைக்கண்ணாடியும் உண்டு! ஆருக்கு வேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிணறு தூர்வாரும் செல்வராஜ் அண்ணன் மட்டும் சிரிக்காமல் விலை சொன்னார். "கெணத்துக்க உள்ள இத போட்டா கண்ணுல சேறு போவாது மாமா." வேடிக்கைக்கு இரண்டு பேர் ஏற்றினார்கள். அவர் மேலும் ஏற்றினார். ஒரு தரம். இரண்டு தரம். அம்மை தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இது போனால் எனக்குக் கடல் போயிற்று. கையைத் தூக்கினேன். "எனக்கு வேணும்," என்றேன்.

"ஆரு அது? நம்ம மிண்டாப் பிள்ளையா?" மாமன் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "வேணும்ணு சொன்னா விலையாவுமா மக்கா? சரி, மொதல்ல இது என்னதாக்கும்ணு சொல்லு. தெரியாமல்லா வித்துட்டு நிக்கேன்."

முற்றம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன். மூச்சுக்குழலை வாயில் கடிப்பதை, காது அடைப்பதை, அஞ்சாளையை, பாறை கண் திறந்ததை, அது மூன்று நிறம் மாறியதை, நீங்கள் என் கையை நசுக்கியதை. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. நடுவில் சேவல்தான் ஒரு தடவை கூவியது.

"நான் விட்டேன் மாமா," என்றார் செல்வராஜ் அண்ணன். "எனக்க கெணத்துல பேய்க்கணவாய் கெடையாது." என் தையல் கூலியைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டேன்.

வீடுவரை அம்மை எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் நின்று, "உன்னையும் அவளப் போல கெடத்திப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல மக்கா," என்றாள். அவள் கோபத்தில் கொடுக்கவில்லை, பேடியில், என்னையும் இழந்துவிடும் பயத்தில் கொடுத்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறந்தபடி, "இனி ஆருகூட எறங்குவ?" என்றாள்.

அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கடையில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஊசியைக் கீழே போட்டுச் சிரித்தார்கள். பிறகு டேவிட்சன் மாமனின் மகள் ரெம்யாவை சபை வாசலில் மறித்தேன். "நீயாட்டு வந்து பேசுனதே அதிசயம்," என்றாள். "குளத்துல நீந்துவேன். கடலு பேடியாக்கும். கைய விடமாட்டேண்ணு சொன்னா வாறேன்." சொன்னேன். அவள் சாரிடம் படித்து முடிக்கும்வரை வாரந்தோறும் கூடவே போனேன்.

போன சனிக்கிழமை இருவரும் இறங்கினோம். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு பேத்தை மீன் எங்களைக் கண்டு உப்பாமல், சும்மா குண்டுக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனது. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் கறுக் கறுக் சத்தம் கேட்டது. ரெம்யா காதைத் தொட்டுக் காட்டினாள். நானும் தொட்டுக் காட்டினேன். உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்ததா, குமிழுக்கு நடுவில்?

இன்னும் கேளுங்கள். அம்மை காவலுக்கென்று குடையோடு கரைக்கு வந்திருந்தாள். நாங்கள் ஏறியதும், "அதுல என்ன தெரியுது?" என்று கண்ணாடியைக் கேட்டாள். புகை படியாமல் இருக்க உள்ளே துப்பணும் என்றேன். "ஆண்டவரே, இதுலயா?" என்று முகம் சுளித்தாள், பிறகு துப்பினாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, பாறைக்குள் தேங்கிய தண்ணீரில் குனிந்தாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள். "எனக்க கால் வெரல ஒரு குஞ்சு மீனு கொத்திக் கொத்திப் பாக்குது. பேடியே இல்ல அதுக்கு." பிறகு மெதுவாக, "ஷெர்லிய நான் ஒருநாளும் கேக்கல்ல, என்ன கண்டாண்ணு," என்றாள். திரும்பவும் குனிந்தாள்.

மைனி, என்னை அடுக்களையிலிருந்து கூப்பிட்டதற்கு நன்றி. நான் ஒருநாளும் தனியே இறங்க மாட்டேன். ரெம்யா கல்யாணமாகிப் போனாலும், சார் ஊர் மாறினாலும், கூட்டுக்கு ஆள் வரும் என்று காத்து நிற்க மாட்டேன். நானே போய் வாய் திறந்து கேட்பேன். இது சத்தியம்.

உங்களுக்க நாத்தூன்,
அஜிதா