பாதி மலைக்கு மேல் நீ சொன்ன வழி

உன்னைக் கைபிடித்து அந்த மலை உச்சிவரை கூட்டிக்கொண்டு போனவள் நான்தான் என்று எங்கள் ஒஸ்லோப் புறநகரான புருசெத்தில் சொல்கிறார்கள். அது பிழை. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட இருந்தபோது யாரோ சொல்ல, நான் திருத்துவதற்குள் மேசை முழுவதும் தலையாட்டிவிட்டது. ஏறியவள் நீ. நான் பாதி வழியில் ஒரு கல்லில் இருந்துவிட்டவள்.

போன கிழமை உன் மகள் வந்து உன் மலைச் சப்பாத்துகளைத் தந்துவிட்டுப் போனாள். "அன்ரி, உங்கடை அளவுதானே, போடுங்கோ" என்றாள். பெட்டியைத் திறந்ததும் நீ தேய்க்கும் மெழுகின் மணம். அடிப்பள்ளங்களில் ஒரு வெண்சாம்பல் கல்துண்டு இன்னும் இறுகிக் கிடந்தது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் அந்த நிறக் கல்லை நான் கண்டதில்லை. அது அயர்லாந்துக் கல். புனித பாட்ரிக்கின் யாத்திரை மலையான குரோ பாட்ரிக்கின் கல்.

உனக்கு நினைவிருக்கும். ஒஸ்லோவில் இத்தனை வருடம் இருந்து, ஞாயிறு தவறாமல் காட்டுக்கு நடந்து, நல்ல சப்பாத்தும் மழைச் சட்டையும் வைத்திருந்த நாங்கள், எட்டுப் பெண்களும், அந்த மலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் அலமாரியில் விட்டுவிட்டுப் போனோம். யாத்திரை அல்லவா! கன்னியர் மடத்தில் படித்தவர்கள் கோயிலுக்குப் போவதுபோலத்தான் போவார்கள். சேலை, மினுக்கிய தோல் சப்பாத்து, கைப்பை. நீ ஒருத்திதான் காற்சட்டையும் இந்தச் சப்பாத்துமாக விமான நிலையத்துக்கு வந்தாய்.

"என்னடி, மாதாவிட்டைப் போறியோ, மரம் வெட்டப் போறியோ?" என்று எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டேன்.

"மாதா காலைப் பாக்கமாட்டா. கல்லுத்தான் பாக்கும்" என்றாய் நீ.

இந்த ஆடியில் எங்கள் கோயில் பங்கிலிருந்து பன்னிரண்டு பேர் அங்கே போகிறார்கள். "நீங்கள் ஏறினனீங்கள்தானே அன்ரி, வழியை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். நானும் பேனாவை எடுத்தேன். கடற்கரைக் கிராமமான முரிஸ்கில் தொடங்குங்கள். மேற்குப் பக்கத்தாலும் ஏறுகிறார்கள். பழைய யாத்திரைப் பாதை ஒன்று வயல்களுக்குள்ளால் நாள் முழுக்க வருகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம். கழிவறைக்குக் கீழேயே போய்விடுங்கள், மேலே நம்ப ஒன்றும் இல்லை. தடி கட்டாயம் எடுங்கள். காலையிலேயே புறப்படுங்கள், பின்னேரம் கடலிலிருந்து முகில் ஏறும். புனித பாட்ரிக்கின் சிலையைத் தாண்டியதும் பாதை ஓடைப் பக்கமாக நிமிரும். அங்கே கதைத்துக்கொண்டு ஏறாதீர்கள், மூச்சு வேண்டும். இடையிடையே திரும்பிப் பாருங்கள்: குடாவில் தீவுகள் பச்சைப் பச்சையாக மிதக்கும். பிறகு மலை சற்றே தட்டையாகும். அதை மலையின் தோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக உச்சிக் கூம்பு தெரியும்.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்கு வழி தெரியாது.

அன்று அந்தத் தோளில் நின்று கூம்பைப் பார்த்தோம். தளர்ந்த கல்லாலேயே குவித்த மாதிரி ஒரு செங்குத்து. மேலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தார்கள், ஒரு பாதிரியார் உட்பட. என் தோல் சப்பாத்து ஏற்கனவே இரண்டு தரம் வழுக்கிவிட்டது. மற்ற ஆறு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். நான் ஒரு கல்லில் இருந்துவிட்டேன்; நீ மட்டும் என் பக்கத்தில் நின்றாய்.

"எழும்படி. இறங்கேக்கை இருந்து சறுக்கலாம். இஞ்சை ஆர் உன்னைப் பாக்கிறது?"

"பங்குச் சனம் பாக்கும். நான் அப்படி இறங்கமாட்டன்."

"அப்ப என்ரை சப்பாத்தைப் போடு. நான் வெறுங்காலோடை போறன். இஞ்சை கனபேர் அப்படித்தான் போகினம்."

"விசர்க்கதை கதையாதை."

நீ சிரித்தாய். கோபப்பட்டிருக்கலாம். கூட வந்த மன்னார்ப் பெண் ஒருத்தி, அயர்லாந்தில் இருப்பவள், அன்று காலைதான் அறிமுகம், உனக்குக் கை கொடுத்தாள். இருவரும் போனீர்கள். முகில் இறங்கி உங்களை மூடியது. நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கல்லில் நேராக இருந்தேன்.

திரும்பி வந்தபோது உன் காற்சட்டையின் பின்புறம் முழுக்கச் சேறு. முகம் சின்னப்பிள்ளை முகம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். அதனால்தான் மேல்பாதியை இன்று என்னால் எழுத முடிகிறது, உன் வாயால். "நடுவாலை ஏறாதை, ஓரத்தைப் பிடி, அங்கை கல்லு கொஞ்சம் இறுக்கம். முன்னுக்குப் போறவைக்கு நேரை கீழை நிக்காதை, கல்லு உருண்டு வரும். மூண்டு அடி வைச்சால் ஒரு அடி பின்னுக்குத்தான் போகும், அழாதை. முகில் மூடினால் நில். வெள்ளைக் கோயில் திடீரெண்டுதான் தெரியும்." இந்த வரிகளை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அப்படியே கொடுத்தேன். தாளின் தலைப்பில், எந்தச் சப்பாத்து என்று யோசிக்க வேண்டாம், மலைச் சப்பாத்துத்தான், என்று நானே ஒரு வரியும் சேர்த்தேன். கீழே உன் பெயரைப் போட்டேன். பாதி மட்டும் என்னுடையது என்றும் எழுதினேன்.

அன்று மலையடி வாகனத் தரிப்பிடத்தில் தேநீர் குடிக்கும்போது நீ சொன்னாய்: "மேலை கோயிலிலை உனக்காகவும் ஒண்டு கேட்டனான்."

"என்ன கேட்டனீ?"

"நீயே ஏறிவந்து கேட்டிருக்கலாம்தானே" என்று பகிடியாகச் சொன்னாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஒரே கட்டிடத்தில், நீ மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி, கிழமைக்கு நாலு நாள் தேநீர். எந்த நாளும் கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் கேட்கட்டும் என்று நீ இருந்தாயோ?

அப்போது என் கணவர் இறந்து ஒரு வருடம். எனக்கு இன்னது இல்லை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பூசைக்கு நேரத்துக்குப் போனேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், விருந்தாளிக்குப் பலகாரம் வைத்தேன். அந்த என்னைப் பார்த்து உனக்கு என்ன குறை தெரிந்தது? ஒரு மலையை ஏறிப்போய்க் கேட்கும் அளவுக்கு என்ன தெரிந்தது? பின்னேரங்களில் தேநீரை ஊற்றிவிட்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டது கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை கிடைத்து, நான் கவனிக்காமல் இருந்திருப்பேன்.

நீ இனி எழுதமாட்டாய். அதனால் இந்த மடலைப் பங்குப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்; ஆடியில் போகிறவர்கள் ஒரு பிரதியை அயர்லாந்துக்கும் கொண்டுபோவார்கள். மன்னாரைச் சேர்ந்த தங்கச்சி, அன்று முகிலுக்குள் என் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியவர் நீங்கள். உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது என் குற்றம். கோயிலில் அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்திருப்பீர்கள். அவள் சத்தமாகச் செபிக்கிறவள். எனக்காக அவள் என்ன கேட்டாள்? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.