குறிப்பில் இல்லாத நாடி

அன்புள்ள பேராசிரியர் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். இதை நீ அப்படியே நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் மூன்று பக்கம் எழுதுகிறேன். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பாய்ந்து, இரண்டாவதற்குள் விமான டிக்கெட் போட்டிருப்பாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன். நாற்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு ஒரு குழாய் எந்த மூலைக்கு? மறுநாள் பிளம்பர் வந்து, நான் சரிசெய்ததைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

உன் மருத்துவக் கல்லூரியில் என் கொடிதான் பறக்கிறது. "சும்மா வீட்ல உக்காந்திருக்காதீங்க, என் பசங்களுக்கு நோயாளியா நடிங்க" என்று ஆராய்ச்சிக்குக் கிளம்பும்போது பிடித்துத் தள்ளிவிட்டுப் போனாயே, இப்போது செய்முறைத் தேர்வு என்றால் முதல் அழைப்பு எனக்குத்தான். நான் நடிக்க வேண்டிய நோயாளியைப் பற்றி நீ எழுதிய குறிப்பு தலைகீழ் மனப்பாடம்: எழுபது வயது, முழங்கால் வலி, நடப்பதை நிறுத்திவிட்டார், தோண்டித் துருவினால்தான் சொல்வார். மாணவர்கள் எனக்கு ‘முழங்கால் மாமா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவன் காலைத் தொட்டதும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைத் தேர்வாளரே ஓடி வந்துவிட்டார். நான் உன் புருஷன் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தால் பயந்துவிடுவார்கள், பாவம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன் நடந்த தேர்வில் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்தாள். மற்றவர்கள் நேராக முழங்காலுக்குத்தான் போவார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். சட்டென்று விட்டுவிடுவாள் என்று பார்த்தால், முழுசாக ஒரு நிமிடம் விடவில்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். நான் நடிப்பை மறந்து, "வயசானா அப்படித்தானேம்மா" என்று உளறிவிட்டேன். "எங்க புரொபசர் அந்தப் பதிலை ஏத்துக்கவே மாட்டாங்க, ஐயா" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருபது வருடமாக நீ மூட்டை மூட்டையாக எழுதிய கட்டுரைகள் ஒரு பெண்ணின் விரல் நுனிவரை வந்து சேர்ந்துவிட்டனவே!

நாடி தாறுமாறாகத் துடிக்கிறது என்று அவள் தேர்வாளரிடம் சொன்னாள். அவர் உன் குறிப்பைப் பார்த்தார். ‘நாடி சீராக உள்ளது’ என்று நீ எழுதியிருக்கிறாய். "இல்லாததைச் சொல்லக் கூடாதும்மா" என்று மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார். "தப்பா எண்ணிட்டேன் போல, சார்" என்று அவள் முகம் வாடி எழுந்தாள்.

அவள் தப்பாக எண்ணவில்லை. ஒரு மாதமாகவே என் நெஞ்சு கோளாறு வந்த லிஃப்ட் மாதிரி, நிற்க வேண்டிய இடத்தில் ஓடி, ஓட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. தெரிந்தேதான் உன்னிடம் மறைத்தேன். பன்னிரண்டு வருடமாக உன் ஆராய்ச்சிக்காக நீ விடாமல் பார்த்துவரும் அந்த முந்நூறு முதியவர்களை அங்கே கடைசிச் சுற்றாகச் சோதித்து முடிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வயதான பிறகும் தன் காலில் நிற்பவர்களுக்கு எது துணை செய்தது என்ற உன் கேள்விக்கு விடை இந்தச் சுற்றில்தான். நீ பாதியில் ஓடி வந்தால் அத்தனை உழைப்பும் பாழ். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், உன் பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பெண் தோற்றுப்போவாள். அவள் கதவு வரை போய்விட்டாள். "சார், குறிப்புல இருக்குற ஆளுக்கு நாடி சரியா இருக்கலாம், எனக்கு இல்லை. நீங்களே புடிச்சுப் பாருங்க" என்று கையை நீட்டிவிட்டேன்.

பிடித்துப் பார்த்தார். அத்தோடு தேர்வு நின்றது. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது அந்தப் பெண்தான். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அவளுக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார்கள்.

இதய மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டார், அறிக்கை இத்துடன் இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்புகின்றனவாம். ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒழுங்காகச் சாப்பிட்டால் பயமில்லை என்கிறார். இதுவரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. முதல் இரண்டு நாள் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இப்போது இல்லை. மறைத்ததற்கு ஆசை தீரத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் முந்நூறு பேரும் நல்லபடியாக எழுந்து நடக்கட்டும்.

இன்னும் ஒன்று. வீட்டில் கூட இருப்பது யார் என்று நர்ஸ் கேட்டார். "மனைவி. நாலு மாசத்துல வந்துடுவாங்க" என்றேன். அவ்வளவு எழுதப் படிவத்தில் இடமில்லை என்று ‘மனைவி’ என்று மட்டும் எழுதிக்கொண்டார். அது பொய்யாகாமல் பார்த்துக்கொள். ஒரு நாள் முன்னால் வேண்டாம். ஒரு நாள் பின்னாலும் வேண்டாம்.

அன்புடன்,
உன்னவன்