தாழைமுனைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்

சில்க்போர்க், டென்மார்க்
12.11.2009

அன்புள்ள சூசைதாசனுக்கு,

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். நான் தாழைமுனைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளைகளின் வயதைக் குறைத்து எழுதி, இருபது பேரை இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல் காப்பாற்றினேன் என்று கனடாவிலும் லண்டனிலும் எங்கள் ஊர்ச் சனம் சொல்லித் திரிகிறதாம். மகன் யோசேப் சொன்னான். நீர் தொகுக்கும் பங்கு வரலாற்று நூலின் முன்னுரையிலும் அது வரப்போகிறதாம். எழுத வேண்டாம். பத்தொன்பது வருடம் அந்தப் பதிவேடு என் கையெழுத்தில் இருந்தது. அதில் ஒரு இலக்கத்தையும் நான் மாற்றவில்லை.

பதிவேட்டை நான் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தேன் என்பதும் பொய். மாத்தளனில் தறப்பாள் போட்ட கோயிலின் மேல் செல் குண்டு விழுந்தபோது தகரப் பெட்டியோடு அது எரிந்தது. பக்கத்தில் பாயில் கிடந்த காயக்காரர் நால்வரும் எரிந்தார்கள். எல்லாரும் புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த நால்வரின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதையும் நூலில் சேர்த்துக்கொள்ளும்.

நீர் கேட்டபடி பதிவுகளை நினைவிலிருந்து எழுதுகிறேன். 1990 முதல் 1993 வரை ஒன்பது பக்கம் இத்துடன் வருகிறது. காயக்காரரை ஏற்றிய கப்பலில் திருகோணமலைக்கு வந்தபோது காலில் இருந்த இரும்புத் துண்டில் பாதி இன்னும் உள்ளேதான். குளிருக்குக் கடுக்கிறது. யோசேப் விடிய நாலரைக்கே வேலைக்குப் போய்விடுகிறான். பேத்தியிடம் தமிழில் கேட்டால் டேனிசில் பதில் சொல்கிறாள். நான் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிறேன். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. விசா ஜனவரியோடு முடிகிறது.

உமது கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் பிடித்தது. கோழிக் கிளறல். கொஞ்சம் கவனமாக எழுதும்.

அன்புடன் மச்சாள்,
தங்கமலர் பஸ்தியாம்பிள்ளை


நோர்போக், இங்கிலாந்து
27.11.2009

என்றும் அன்புள்ள மச்சாளுக்கு,

கோழிக் கிளறலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொரு வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்ற கை, வேறெப்படி எழுதும்? உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அண்ணை உயிரோடு இருந்த காலம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

நான் இருப்பது சின்னக் கிராமம். இங்கத்தைய கோயிலில் முந்நூற்றைம்பது வருடப் பதிவேடுகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் ஐந்தாறு வெள்ளைக்காரக் கிழவர்களோடு இருந்து பெயர்களைப் படியெடுக்கிறேன். "வாரும், இலங்கைச் சாமியார்" என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் ஒரு பிள்ளை பிறந்த வரி கிடைத்தால் அது செத்த வரி கிடைக்கும்வரை விடமாட்டார்கள். எங்கள் ஊருக்கும் இதைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவர்களைப் பார்த்துத்தான் வந்தது.

உங்கள் ஒன்பது பக்கத்தையும் அப்படித்தான் வரிவரியாகப் பார்த்தேன். 1991 நவம்பரில் 43ஆம் எண் இருக்கிறது. அடுத்தது 45. இடையில் இருக்க வேண்டியவள் என் மகள் அனோஜா. நீங்கள்தான் அவளுக்கு ஞானத்தாய். மறந்திருக்க மாட்டீர்கள்.

சுசீலாவும் பிள்ளையும் இல்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. பெப்ரவரி முதல் கிழமை சுசீலா கடைசியாகக் கதைத்தாள். "மச்சாளிட்ட வயசுக் கடிதம் வாங்கப் போறன். அவ எழுதித் தருவா. நீங்கள் யோசியாதேங்கோ" என்றாள்.

மச்சாள், அந்தக் கடிதத்தைக் காட்டியுமா பிள்ளையைக் கொண்டுபோனார்கள்?

உங்கள் அன்பு மறவாத,
சூசைதாசன்


சில்க்போர்க்
5.12.2009

அன்புள்ள சூசைதாசனுக்கு,

44ஆம் எண் விடுபட்டது என் கவனப்பிழை. பிறகு அனுப்புகிறேன்.

யோசேப்புக்கு மகன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். இந்த நாட்டில் எந்தச் சமயத்தவரின் பிள்ளையானாலும் பிறப்பைப் பதிவது அவர்களுடைய பங்குக் கோயில் அலுவலகத்தில்தான். யோசேப்போடு போய்ப் பார்த்தேன். புத்தகமும் இல்லை, பேனையும் இல்லை. ஒரு பெண் கணினியில் தட்டிவிட்டுச் சிரித்தாள். பாதையெல்லாம் வழுக்குகிறது. நீரும் கவனமாக நடவும்.

மச்சாள்,
தங்கமலர்


நோர்போக்
12.12.2009

மச்சாள்,

நீங்கள் கவனப்பிழை விடுகிற ஆள் இல்லை. சுசீலா உங்களிடம் வந்தாளா?

சூசைதாசன்


சில்க்போர்க்
19.12.2009

சூசைதாசனுக்கு,

வந்தாள். பெப்ரவரி ஒன்பதாம் திகதி, காலை.

வீட்டுக்கு ஒருவர் என்றிருந்தது போய், அந்த நாட்களில் பதினேழு நிரம்பிய எல்லாரையும் பிடித்தார்கள். இடம்பெயர்ந்ததில் பாதிப் பேரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. பதிவேட்டைப் பார்த்து நான் எழுதி, பாதர் ஒப்பமிடும் கடிதத்தைத்தான் அத்தாட்சியாக ஏற்றார்கள்.

"மச்சாள், தொண்ணூற்றொண்டைத் தொண்ணூற்றி மூண்டாக்கி விடுங்கோ. பிள்ளைக்குப் பதினைஞ்சு எண்டு வரும்" என்றாள் சுசீலா. பாதர் பேனையை மேசையில் வைத்தார். "ரீச்சர், நான் காயக்காரரைப் பாத்திட்டு வாறன்" என்று வெளியே போனார். ஏன் போனார் என்று எனக்கு விளங்கியது.

முந்திய கிழமை இரண்டு தாய்மார் இதையே கேட்டு என் காலில் விழுந்திருந்தார்கள். கன்னியர் மடத்தில் படித்தவள் பொய் எழுதமாட்டாள் என்று திருப்பி அனுப்பினேன். இப்போது சொந்தக்காரிக்கு மாற்றினால் என்னை என்ன சொல்வார்கள் என்பதுதான் என் யோசனையாக இருந்தது. தேவனுக்குப் பயந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். சரியான திகதியைப் போட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். சுசீலா என் முன்னாலேயே கிழித்தாள்.

இரண்டாம் நாள் நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்கு இயக்கத்தார் வந்தார்கள். அனோஜாவை என் பாவாடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். பதினைந்து வயது என்று சுசீலா சத்தியம் பண்ணினாள். வந்தவர்களில் ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். அவன் என்னைப் பார்த்தான்.

"ரீச்சர் பொய் சொல்லமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர், என்ன வயசு?"

"பதினேழு" என்றேன்.

பிள்ளையைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். சுசீலா அவளுடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் இழுபட்டுப் போனாள். துவக்குப் பிடியால் அவளுடைய மணிக்கட்டில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை. மற்றக் கையிலும் அடித்தார்கள். "பெரியம்மா, பெரியம்மா" என்று அனோஜா என்னைத்தான் கூப்பிட்டாள். தாயைக் கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே பொலித்தீன் பையில் கட்டியிருந்தது. சுசீலாவின் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்ததால் நான்தான் கழுவினேன். வாய்க்குள் மண். எடுக்க எடுக்க வந்தது. புதைக்கக் கிடங்கு வெட்டும்போதே ஆமி செல் அடித்தது. வெட்டியவர்களில் ஒருவனையும் அதே கிடங்கில் வைத்தோம்.

என் முதல் கடிதத்தில் ஒரு இலக்கத்தையும் மாற்றவில்லை என்று எழுதினேன். அதைத் திருத்துகிறேன். ஒன்றை மாற்றினேன். அனோஜாவைப் புதைத்த மறுநாள் வேறொரு தாய் வந்தாள். நான் அவளைக் கேள்வி கேட்கவில்லை. பேனையை எடுத்து அவளுடைய மகளுக்கு இரண்டு வயதைக் குறைத்தேன். அரை நிமிட வேலை. அந்தப் பிள்ளை இப்போது வவுனியா முகாமில் உயிரோடு இருக்கிறாள். அவளுடைய தாயின் வாயிலிருந்துதான் ஒன்று இருபதாகிக் கனடாவரைக்கும் போயிருக்க வேண்டும்.

சுசீலாவுக்கும் அது தெரியவந்தது. "அவளுக்கு எழுதினனீங்களாம், மச்சாள்" என்றாள். பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. மார்ச் கடைசியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் விழுந்தது. எனக்குக் கால். அவளுக்கு நெஞ்சு. எனக்கு முன்னால் நின்றவள் அவள். கை ஏலாததால் அவளுடைய கஞ்சிப் பேணியையும் நான்தான் பிடித்திருந்தேன்.

ஒன்பது பக்கத்தையும் ஒரே இருப்பில் எழுதினேன். 44க்கு வந்ததும் பெயரை எழுத முடிந்தது. அதற்குக் கீழே ஞானத்தாயின் பெயர் வரவேண்டும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் 45ஐ எழுதினேன்.

இப்போது எழுதுகிறேன்:

எண் 44. மரிய அனோஜா. பிறப்பு 21.10.1991. தந்தை சூசைதாசன். தாய் சுசீலாதேவி. ஞானத்தாய் தங்கமலர் பஸ்தியாம்பிள்ளை. பிடித்துச் சென்றது 11.02.2009. உடல் வந்தது 20.02.2009. வயதைச் சொல்லிக் கொடுத்தவர் ஞானத்தாய்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர்களில் இருவர் இல்லை. முன்னுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, மேலே உள்ள வரியை ஒரு சொல்லும் குறையாமல் அச்சிடும். யோசேப்பிடம் சொல்லிவிட்டேன். அவன் மூன்று நாளாக என்னோடு சாப்பிடவில்லை.

ஜனவரி பதினெட்டாம் திகதி நான் இங்கிருந்து புறப்படுகிறேன். அந்த வரியை அச்சிடுவீரா, மாட்டீரா என்பதை அதற்கு முன் எழுத்தில் அறியத் தாரும். தொலைபேசியில் வேண்டாம்.

தங்கமலர் பஸ்தியாம்பிள்ளை