சிவந்த நகக்கண்

கரிக்கையோடு என் தலையில் குட்டிவிட்டுச் சிரிக்கும் அண்ணனுக்கு,

காலையில் புதூரில் பஸ் ஏறிக் கோவில்பட்டி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கிறேன். இன்னமும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் நானே சாப்பிடுகிறேன்.

இன்றைக்கு ஓர் அக்கா குழாயில் ஏறிய தன் ரத்தத்தைப் பார்த்து, ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று பயந்துவிட்டார். நீயும் கேட்டாயே, "ஏட்டி, கரிமூட்டத்துப் புகையில நின்னு நின்னு என் ரத்தமே கரியாப் போச்சோ?" என்று. உனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு உண்டு. அது நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்ததும் பளிச்சென்று சிவக்கும். உடம்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மங்கிவிடும். சிவப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

அதனால்தான் அண்ணே, கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து கிடத்திய உன்னை நான் தூக்க விடவில்லை. உன் உதடும் நகக்கண்ணும் அப்படிச் சிவந்திருந்தன. "உசுரு இருக்கு, நகத்தப் பாருங்க" என்று கத்தினேன். ரத்தம் பார்க்கிற பிள்ளை சொல்கிறாளே என்று எல்லாரும் ஒரு நிமிஷம் நின்றார்கள். அந்த ஒரு நிமிஷம் நீ இருந்தாய்.

பிறகு டாக்டர்தான் விளக்கினார். ஓட்டலில் கரி இறக்கிவிட்டு, குளிர் தாங்காமல் நம் கரியையே சட்டியில் மூட்டி, கதவு சன்னலை அடைத்துப் படுத்திருக்கிறாய். அந்தக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளுமாம், லேசில் விடாதாம். ரத்தம் சிவந்தே இருக்கும், உடம்பு மூச்சுக்கு ஏங்கிச் செத்துப்போகும். உனக்குத் தலை வலித்ததா அண்ணே? எழுந்திருக்கப் பார்த்தாயா?

போன வாரம், உன்னோடு கருவேல விறகு அடுக்கிக் கரிமூட்டம் போட்டுவந்த செல்லையா அண்ணாச்சி மலைக்கு லோடு ஏற்றினார். கரியை அறைக்குள் மூட்டாதீங்க என்றேன்.

"நம்ம கரி நம்மள என்ன செய்யும் தாயி? பொறந்ததுலருந்து அதுலதானே கெடக்கோம்."

"வெட்டவெளியில கெடந்தோம் அண்ணாச்சி. அங்கன கதவு இருக்கு."

அவர் வண்டி ஏறினார். மறுநாள் பொழுது சாய்ந்ததும் போன் வந்தது.

"சன்னலத் தொறந்துதான் வச்சிருக்கேன் தாயி. வெடவெடன்னு குளிருது."

குளிரட்டும் அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இனி நம் பக்கத்திலிருந்து கரியோடு யார் மலையேறினாலும் நான் போன் போடுவேன் அண்ணே. குளிருது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பேன்.

ஏட்டி என்று கூப்பிட ஆளில்லாத
உன் தங்கச்சி