ஹோட்டலில் வாசிக்கிற பையன்

பிப். 17, திங்கள்

டெல்லியில் பனி விட்டுவிட்டது. பத்து மணிக்கே பால்கனியில் சுள்ளென்று வெயில். பனிக்குப் போர்த்துகிற ரஜாய் நான்கையும் கம்பியில் போட்டாயிற்று. நுனி தொங்குகிறது என்று கீழ் வீட்டு சர்தாரிணி சத்தம் போட்டாள். தொங்கினால் என்ன.

வாங்க வேண்டியது: சின்ன உள்ளி, புளி, விளக்குத் திரி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வந்திருக்கிறதாம். மகன் தாணுவிடம் சொன்னால் மறப்பான். மருமகள் விஜயாவிடம்தான் சொல்ல வேண்டும்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. மதி விஷயம்.

பேத்திக்கு நான் வைத்த பெயர் காந்திமதி. பள்ளிக்கூடத்தில் காந்தி, காந்தி என்று பையன்கள் கேலி செய்து, அவளே வெட்டி மதி ஆக்கிக்கொண்டாள். இப்போது ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்கிறாள். பெயர் தினகர். நாகர்கோவில் பக்கம், நம் ஆட்கள்தான், விசாரித்துவிட்டேன். அப்பா ரயில்வேயில் ஸ்டெனோ. எல்லாம் சரி. பையன் செய்கிற வேலைதான் தொண்டையில் நிற்கிறது. காலையில் ஏதோ பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். சாயங்காலம் ஹோட்டலில் கிடார் வாசிக்கிறான்.

"ஏட்டி, சாப்பிடுதவனுக்கு முன்னால வாசிக்கவனையா நம்ம வீட்டுக்குக் கொண்டு வரப் போற?" என்று கேட்டேன்.

"நீ ஒரு தடவை வந்து கேளு ஆச்சி. கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லு. டீக் ஹை?"

தாணு பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எம்மா சரின்னா எனக்குச் சரி" என்றான். செக்ஷன் ஆபீசர். ஆபீசில் நாற்பது பேரை மேய்க்கிறான், வீட்டில் இவ்வளவுதான். நல்லது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்தையும் பேசி முடித்தது நான்தான்.

பிப். 18, செவ்வாய்

கால் வலி. இடது முழங்கால்.

மதி என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து விரலை மடக்கினாள். பையன் வாசிக்கிற இடம் மூன்று. எதற்கு வர வேண்டும் என்று நானே முடிவு செய்யலாமாம்.

ஒன்று, சாணக்கியபுரி பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். ஃபைவ் ஸ்டார். செவ்வாயும் வியாழனும், சாயங்காலம்.
இரண்டு, சவுத் எக்ஸ்டென்ஷனில் ஒரு பார். வெள்ளிக்கிழமை.
மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு மார்க்கெட்டில் திறந்த மேடை. சாட் தின்றுகொண்டே கேட்பார்கள்.

பார் என்றதும் காதைப் பொத்திக்கொண்டேன். மார்க்கெட்டுக்கு ஆர்.கே. புரம் தமிழ்க் கூட்டம் முழுக்க வரும். முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கேயும் நிற்பார்கள். ஹோட்டல்தான் சரி. வாசலில் தலைப்பாகைக்காரன் கதவு திறந்துவிடுவான். நம் ஆட்கள் ஒருத்தரும் அங்கே காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

"ஹோட்டல்" என்றேன்.

"எனக்குத் தெரியும், நீ அதைத்தான் சொல்லுவே" என்று மதி சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்கவில்லை.

பிப். 20, வியாழன்

மத்தியானம். அரக்குப் பட்டு எடுத்து வைத்தாயிற்று. மூக்குத்தி துடைத்தேன். விஜயா, "அத்தை, ஏ.சி.யில குளிரும், சால்வை எடுத்துக்கோங்க" என்றாள். பட்டின் மேல் சால்வையா. வேண்டாம்.

பையன் தலைமுடி எப்படியோ. காதில் கடுக்கன் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுவேன்.

பிப். 21, வெள்ளி

காலையிலிருந்து எழுதத் தோன்றவில்லை. இப்போது வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று தலைப்பாகைக்காரன் கதவு திறந்தான், சலாம் வைத்தான். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. உள்ளே சோபாவில் உட்கார்ந்தால் ஆள் உள்ளே போகிறது. எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். காப்பி ஒரு வெள்ளிப் பானையில் வந்தது, வாயில் வைக்க விளங்கவில்லை.

ஓரத்தில் தொட்டிச் செடிகளுக்கு நடுவில் ஒரு சாண் உயர மேடை. அதில் மூன்று பேர். பையன் கறுப்புக் கோட்டு. ஒல்லி. கடுக்கன் இல்லை. அவன் கிடாரை மடியில் வைத்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். கச்சேரி என்றால் அப்படித்தானே. ஒருத்தரும் திரும்பவில்லை. கரண்டிச் சத்தம். ஒருவன் போனில், "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று கத்திக்கொண்டே இருந்தான். பையன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான், எனக்கு அவ்வளவு தெரியும். அதுதான் கோபமாக வந்தது. இவ்வளவு நன்றாக வாசித்துக்கொண்டு இந்தச் செடிக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று.

மதிக்கு ஆபீசிலிருந்து செல்லில் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே தூண் பக்கம் போனாள்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், "அடி ஆத்தி, நம்ம வடிவா!"

ஆர்.கே. புரம் பார்வதி அக்கா. நம் ஆட்கள் சங்கத்தில் பத்து வருஷமாகக் காரியதரிசி. அவள் காதில் விழுந்தது மறுநாள் மோதி பாக், லோதி காலனி, மந்திர் மார்க் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவளுடைய அமெரிக்க மாப்பிள்ளை வந்திருக்கிறார், விருந்து கொடுக்கிறார். அவர் உள்ளே டேபிள் பார்க்கப் போயிருக்க, இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எங்க இங்க? ஒத்தையிலயா வந்த?"

"பேத்தி கூட்டியாந்தா" என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பாட்டு நின்றுவிட்டது. அவர்களுக்கு இடைவேளை.

பையன் நேரே என்னிடம் வந்தான். கறுப்புக் கோட்டோடு, அத்தனை பேருக்கு நடுவில், அந்தக் கம்பளத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் காலைத் தொட்டான்.

பார்வதி அக்கா வாயைத் திறந்தபடி பார்த்தாள். அவன் எழுந்து "ஆச்சி" என்று வாயெடுப்பதற்குள் நான் பர்சைத் திறந்துவிட்டேன். கையில் வந்த நோட்டை எடுத்து அவன் கையில் திணித்தேன். "சரி, சரி, போங்க" என்றேன். சர்வருக்குக் காசு போட்டு அனுப்புகிற மாதிரி.

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிரித்துக்கொண்டே போனான்.

"யாரு வடிவு இது? தெரிஞ்ச பையனா?"

"இங்க வாசிக்கவன். டிப்ஸுக்குத்தான். பெரியவுகளக் கண்டா இப்படித்தான் விழுவானுவ போல."

"ஆமாமா. ஃபைவ் ஸ்டார்னா மரியாதயே தனி. எங்க மாப்பிள்ள அப்பவே சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள்.

திரும்பிப் பார்த்தால் மதி தூண் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள். பார்த்திருக்கிறாள், பேச்சுதான் கேட்கவில்லை. கண் நிறையத் தண்ணீர். ஆட்டோவில் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. "தாங்க்ஸ் ஆச்சி. விழுந்து கும்பிட்டா பெரியவங்க காசு குடுத்து ஆசீர்வாதம் பண்ணுவாங்கன்னு அவங்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன். நீ பண்ணுவியோ மாட்டியோன்னு பயமா இருந்துது" என்றாள்.

நம் வீட்டில் ஆசீர்வாதம் என்றால் முதலில் நெற்றியில் திருநீறு. பிறகுதான் காசு. நான் திருநீறு பூசவில்லை. டெல்லியில் பிறந்தவளுக்கு அது தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே, "ஆச்சி பிளெஸ் பண்ணிட்டா!" என்று கத்தினாள். விஜயா அடுப்பில் ரவையைப் போட்டுவிட்டாள். தாணு என்னைப் பார்த்து, "எம்மாவுக்குப் பெரிய மனசு. நான் நெனைக்கவே இல்ல" என்றான். அந்தப் பிள்ளை என்னை இப்படிப் புகழ்ந்து பார்த்ததில்லை.

கேசரி இறங்கவில்லை. சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிவைத்தேன்.

பிப். 22, சனி

மேகம். தண்ணீர் ஏழு மணிக்கே நின்றுவிட்டது.

பையனின் அம்மா போன் செய்தாள். நல்ல குரல். "அத்தை, ஹோட்டல்ல வாசிக்கான்னு சொன்னாலே பொண்ணு வீட்டுல மொகம் மாறிரும். ரெண்டு எடம் அப்படியே போச்சு. நீங்க அவன் வாசிக்க எடத்துக்கே வந்து, எல்லாருக்கும் முன்னால வாழ்த்தியிருக்கிய. நீங்க குடுத்த ரூவாயச் செலவழிக்க மாட்டேங்கான், கிடார் பெட்டிக்குள்ள வச்சிருக்கான்" என்றாள்.

"நல்லா இருக்கட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

நிச்சயம் என்றால் சங்கத்தைக் கூப்பிட வேண்டும். பார்வதி அக்கா முதல் வரிசையில் உட்காருவாள். பையன் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். இந்தப் போன் வருவதற்கு முன்பே, நேற்று ராத்திரி முழுக்க இதுதான் நினைப்பு. உள்ளதை எழுதுகிறேன். முதலில் பயந்தது இதற்குத்தான். அந்தப் பையனை நினைத்து வெட்கம் வந்தது அதற்குப் பிறகுதான், விடியும்போது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஒன்றும் குறையவில்லை.

பிப். 23, ஞாயிறு

மதியிடம் சொல்லிவிட்டேன்.

உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பின்னால் கட்டிக்கொண்டு, "ஸ்வீட் ஆச்சி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். கிரைண்டரை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிப்ஸ் என்ற வார்த்தையைக்கூட விடவில்லை.

கையை விலக்கிக்கொண்டாள்.

"பார்வதி பெரியாச்சிகிட்ட அவன் யாருன்னு சொன்னே?"

"இங்க வாசிக்கவன்னு சொன்னேன்."

"அது நிஜம்தானே. அதுல என்ன வெக்கம் உனக்கு?"

கல்லில் ஒட்டிய மாவை வழித்தேன்.

"நாளைக்கே அவங்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்ட்டி" என்றேன்.

"வேண்டாம்." குரலே மாறிவிட்டது. "நீ சொல்லிட்டு நிம்மதியா இருப்பே. அவன்? அவன்கிட்ட நீ எப்பவுமே ஒண்ணும் சொல்லக் கூடாது. கபி நஹி."

ராத்திரி அவள் ரஜாயையும் தலையணையையும் ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வயதிலிருந்து என்கூடப் படுத்தவள். பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று விஜயா கேட்டாள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன பரீட்சை.

பிப். 24, திங்கள்

தோசைமாவு பொங்கி வழிந்தது. மதி சாப்பிடாமல் ஆபீஸ் போனாள்.

யாரிடமும் தலை குனிந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் போன பிறகு இந்த ஊரில், பாஷை தெரியாமல், ஒரு பிள்ளையை ஆளாக்கினேன். அது எல்லாம் சரி. ஒரு பையன் எத்தனை பேருக்கு நடுவில் என் காலில் விழுந்தான். அவனைத் தெரியும் என்று ஒரு பொம்பிளையிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் மதி ஷூவைக் கழற்றும்போது கேட்டேன். "அந்த மூணு எடத்துல அவனுக்கு எது பிடிக்கும்?"

நிமிரவில்லை. "பார்."

"ஏன்?"

"அங்கதான் ஜனங்க கேக்கறாங்க. வாசிக்கறப்ப சத்தம் போட்டா பக்கத்து டேபிள்காரங்களே அடக்கிடுவாங்க."

இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். எனக்குத் தலைப்பாகைக்காரன் கதவு திறக்க வேண்டியிருந்தது.

பிப். 25, செவ்வாய்

வெயில். காற்று. முருங்கைக்காய் வந்தது, முற்றல்.

எட்டு மணிக்கு பார்வதி அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை எண்களை அழுத்திவிட்டு வைத்தேன். நாலாவது தடவை அடிக்க விட்டேன்.

"யக்கா, வெள்ளிக்கிழம சாயங்காலம் சவுத் எக்ஸ்டென்ஷன் வரைக்கும் வாறியளா? நாங்க எல்லாரும் போறோம்."

"என்ன விசேஷம்?"

"எங்க மதிக்குப் பாத்திருக்க மாப்பிள்ள அங்க கிடார் வாசிக்காரு. நீங்க வந்து கேக்கணும்."

"அடி ஆத்தி, சொல்லவே இல்லயே! பையன் யாரு, எந்த ஊரு?"

"நீங்க பாத்திருக்கிய. அன்னைக்கு ஹோட்டல்ல என் கால்ல விழுந்தாருல்லா, அவருதான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில். ஒன்று. இரண்டு.

"டிப்ஸுக்கு விழுதான்னுல்லா சொன்ன?"

"ஆமாக்கா. அப்படித்தான் சொன்னேன். பொய். அவரு ஆச்சின்னு விழுந்தாரு. உங்க முன்னால சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது."

"ஏன் வடிவு, என்னயப் பாத்தா?" என்றாள் அக்கா. அவளுக்கும் வருத்தமோ என்னவோ. பிறகு, "எடம் எப்படி? குடிப்பானுவளோ?"

"குடிப்பாங்க. பார்தான்."

"முருகா. எங்க வீட்டு இவுககிட்ட என்னன்னு சொல்லிட்டு வர?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். வருவாள். இதற்குள் லோதி காலனி வரைக்கும் போயிருக்கும். போகட்டும். நான்தான் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பினால் மதி ஹால் வாசலில் நிற்கிறாள். வாயில் டூத் பிரஷ். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. உள்ளே போய்க் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"அங்க சோபா கிடையாது ஆச்சி. உசர ஸ்டூல்தான், முதுகு சாய முடியாது. ரெண்டு மணி நேரம் உன்னால உக்கார முடியாது."

"ஒக்காருவேன்" என்றேன்.